வயரின் இடுப்பளவு

(தையல் அளவுச் சீட்டின் பின்பக்கத்தில்)

மார்ச் 2

மகளுக்கு,

பேசினால் மூச்சு வாங்குகிறது. அதனால் எழுதுகிறேன். இன்வெர்ட்டருக்கு எந்தத் தடிப்பில் வயர் வாங்குவது என்று உன் தம்பியைக் கேட்கப் போவதாகச் சொன்னாய். கேள். நம் தெரு எலெக்ட்ரீஷியன் ஃபியூஸ் அண்ணனுக்கு எதற்கெடுத்தாலும் ஃபியூஸ் மாற்றத்தான் தெரியும்.

ஆனால் மூச்சு மிஷினைப் பற்றி அவனுக்கு ஒரு எழுத்து எழுதக் கூடாது. எழுதினாய் என்று தெரிந்தால் மூக்கிலிருக்கும் குழாயைக் கழற்றி வைத்துவிடுவேன். ஆறு வருஷமாக வராதவன் பரிதாபப்பட்டு வர வேண்டாம்.

இன்வெர்ட்டர் என் கட்டிலுக்கு எதிரே இருக்க வேண்டும். பச்சை விளக்கு என் கண்ணில் பட வேண்டும்.

அப்பா

*

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சுரங்கத்துக்குள் வயர் இழுக்க இறங்கினால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும் உனக்கு. மறக்காதே.

உன் முகாமில் டவர் இல்லாததால், போனில் நாலு வார்த்தையில் முடிய வேண்டியதை நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகிறது. சில நாள் மூன்று. இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கியாகிவிட்டது. இரண்டையும் இணைக்கிற வயர் மட்டும் பாக்கி.

இன்வெர்ட்டர் அப்பா அறையில். பேட்டரி பின் தாழ்வாரத்தில். அறைக்குள் அந்த அமில வாடை ஆகாது. சுவரை ஒட்டி அளந்தால் இருபது அடி. ஓட வேண்டியவை: ஃபேன் இரண்டு, விளக்கு மூன்று.

எந்த அளவு வயர் என்று சீக்கிரம் எழுது. அவசரம் ஒன்றுமில்லை, ஆனாலும் சீக்கிரம் எழுது.

உன் அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு, நான் சுகம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. தபால் வாரம் ஒருமுறை சாமான் லாரியில்தான் வரும், போகும். தாமதத்துக்கு என்னைத் திட்டாதே.

முதலில் ஒன்று கேட்கிறேன். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் எதற்காகப் பிரித்து வைத்தாய்? அவை இரண்டும் புருஷன் பெண்டாட்டி. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் குடும்பம் நடக்கும். நடுவில் இருபது அடி வயர் போட்டால் பாதி சக்தி வழியிலேயே செலவாகும். இன்வெர்ட்டரையும் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோ. அங்கிருந்து அறைக்குச் சாதாரண வயர் போதும்.

முடியாது என்றால் கணக்கு இதுதான். உன் லிஸ்ட்படி 210 வாட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து அதற்கு இருபத்திரண்டு ஆம்பியர் இழுக்கும். போக இருபது அடி, வர இருபது அடி, ஆக நாற்பது. பதினாறு ஸ்கொயர் தடிப்பில் செம்பு வயர் வாங்கு. குறைத்து வாங்காதே.

இன்னொன்று. லிஸ்ட் உண்மைதானே? கோபித்துக்கொள்ளாதே, கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவின் தையல் கடைக்கு நான் வயர் போட்டபோதும் இப்படித்தான் லிஸ்ட் கேட்டேன். "இஸ்திரிப் பெட்டி ஒண்ணே ஒண்ணுதான்டா" என்றார். ஒன்றுக்குத்தான் வயர் போட்டேன். கடை எரிந்த அன்றைக்கு, "என் பையன் போட்ட வயர்தான் எரிச்சிடுச்சு" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். சாம்பலுக்குள் இரண்டாவது பெட்டியின் அடித்தகடு கிடந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

இன்வெர்ட்டர் அப்பா அறையில்தான் இருக்கும். அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. இதில் என்னோடு மல்லுக்கு நிற்காதே.

நீ சொன்ன பதினாறு வாங்கி மாட்டியாயிற்று. ஆனால் கரண்ட் போய் முப்பத்தைந்தாவது நிமிஷம் இன்வெர்ட்டர் கூவுகிறது, சிவப்பு விளக்கு போடுகிறது, படுத்துவிடுகிறது. மூன்று நாளாக இதே கதை. வயரைத் தொட்டால் சுடுகிறது. ஃபியூஸ் அண்ணன் வந்து பார்த்து, "ஃபியூஸ் மாத்திட்டேன், இனிமே ராஜா மாதிரி ஓடும்" என்றார். ராஜா முப்பத்தாறாவது நிமிஷம் படுத்தார்.

வயர் சரியான தடிப்பா என்று நானே இஞ்ச் டேப்பை அதைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றே கால் இஞ்ச். போதாதா?

அக்கா

*

ஏப்ரல் 14

அக்காவுக்கு, சுகம் என்றே எழுதுகிறேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டதில் நெற்றி வலிக்கிறது.

வயருக்கு இடுப்பளவு எடுத்த முதல் ஆள் உலகத்திலேயே நீதான். முகாமில் படித்துக் காட்டினேன், ஒருத்தன் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான். நீ அளந்தது வயரின் தோலை. எனக்கு வேண்டியது உள்ளே இருக்கிற செம்பு. கனத்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அளவு கொடுக்க வருகிறவளை நீ என்ன சொல்வாய்? "கழட்டிட்டு வாம்மா, மேல்துணிக்கு அளவெடுத்தா உள்ள இருக்கறது எப்படித் தெரியும்" என்பாயா மாட்டாயா? அதையே வயருக்கும் செய். நுனியில் ஒரு விரல் நீளம் தோலைச் சீவு. செம்பு பென்சிலின் முக்கால் தடிப்புகூட இல்லை என்றால் கடைக்காரர் உன் காதில் பூச்சுற்றியிருக்கிறார்.

அப்புறம் அந்தப் பச்சை விளக்கு. என்ன, அப்பா அதை டி.வி. மாதிரி பார்க்கிறாரா? நாள் முழுக்க அறையிலேயா உட்கார்ந்திருக்கிறார்? நடக்கப் போகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 27

தம்பிக்கு, இருவரும் சுகம்.

நீ சொன்னது சரி. தோலைச் சீவினேன். உள்ளே பத்து ஸ்கொயர்தான், மீதி எல்லாம் பிளாஸ்டிக். கடைக்குப் போய்த் துண்டை மேசை மேல் வைத்தேன். "நீங்க பதினாறுதானேக்கா கேட்டீங்க, தடிப்பு பதினாறு இருக்குல்ல" என்றார். "ரவிக்கைக்கு ஒரு மீட்டர் துணி கொடுத்துட்டு, மடிச்சு வச்சா ஒரு மீட்டர் உசரம் இருக்குல்லன்னு நான் சொன்னா சும்மா விடுவீங்களா?" என்று கேட்டேன். கடையிலிருந்த நாலு பேர் சிரித்தார்கள். நல்ல வயர் உள்ளிருந்து வந்தது. அங்கேயே சீவிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆனால் தம்பி, சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. இப்போது ஐம்பது நிமிஷம் ஓடுகிறது. அவ்வளவுதான். அதற்குமேல் கூவல், சிவப்பு, இருட்டு. நேற்று மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வயருக்காக அழுவாளா என்று நீ கேட்பாய். அழுதேன்.

வேறு என்ன செய்ய? எழுது.

அக்கா

*

மே 12

அக்காவுக்கு,

சுகமெல்லாம் பிறகு. எனக்குக் கோபம் வருகிறது. உன் மேலா, வயர் மேலா என்று தெரியவில்லை.

நல்ல பதினாறு, புது பேட்டரி, 210 வாட். இந்த மூன்றும் உண்மையென்றால் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். வயர் வெதுவெதுப்பாகக்கூட ஆகக் கூடாது. உன் வீட்டில் ஐம்பது நிமிஷம் ஓடுகிறது. இந்த மூன்றில் ஒன்று பொய். பேட்டரி பேசாது, வயர் பேசாது. லிஸ்ட் எழுதியது நீ.

தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டாயா? அதைச் சொல்லக் கூச்சமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், லோடை மறைக்க முடியாது. அது வயரில் சூடாக வந்து நிற்கும். ஒரு தடவை மறைத்ததில் ஒரு கடை போயிற்று. நான் வீட்டை விட்டுப் போனேன்.

ஒன்று செய். கரண்ட் போனதும் இன்வெர்ட்டரின் முகத்தில் ஒரு எண் தெரியும். எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டும் எண் அது. அதை மட்டும் எழுது. வேறு கதை வேண்டாம்.

தம்பி

*

(அனுப்பாதது)

மே 21

தம்பி,

இதை அனுப்பப் போவதில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அப்பாவுக்கு நுரையீரல் போய்விட்டது. எட்டு மாதமாகக் காற்று மிஷின் போட்டுத்தான் மூச்சு. இரவு பகல் நிற்கக் கூடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் படுத்தால் சின்ன சிலிண்டர் ஒன்று இருக்கிறது, அது முக்கால் மணி நேரம் தாங்கும். அதை நான்தான் சாவி போட்டுத் திறக்க வேண்டும். அவர் கையில் அந்த வலு இல்லை.

இன்றைக்கு மத்தியானம் கரண்ட் போய் அரை மணிதான் ஆகியிருந்தது என்று எதிர்வீட்டுக்கு ரவிக்கை கொடுக்கப் போனேன். இரண்டு நிமிஷ வேலை. அவள் கை தூக்கிப் பார்த்து, அக்குளில் பிடிக்கிறது என்றாள். ஊசி போட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது கூவல் கேட்டது. ஓடினேன். அப்பா சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, மெதுவாக வா, விழுந்துவிடாதே என்கிறார். அந்த நிலையிலும் எனக்குத்தான் புத்தி சொல்கிறார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது.

நீ கேலி செய்கிறாயே பச்சை விளக்கு, அது எரிகிறவரைக்கும்தான் அவர் கண்ணை மூடுகிறார்.

உனக்கு எழுதினால் குழாயைக் கழற்றிவிடுவேன் என்கிறார். கழற்றுவார். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்று கால்தானே. நீ நடுவில் மாட்டிக்கொண்டதில்லை தம்பி, கோபித்துக்கொண்டு போய்விட்டாய். நடுவில் இருப்பது நான்.

ஒரு எழுத்து எழுதக் கூடாது என்றுதான் சொன்னார். எண் எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே.

*

மே 22

தம்பிக்கு,

நீ கேட்டது:

562

அக்கா

*

ஜூன் 8

அக்காவுக்கு,

உன் கடிதம் லாரியில் வந்த உடனே எழுதுகிறேன். அடுத்த லாரிக்குக் காத்திருக்காமல், மலையிறங்குகிற டிரைவரிடம் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

562-இல் 210 போனால் 352. நிற்காமல் ஓடுகிற முந்நூற்றைம்பது வாட் ஒரு வீட்டில் என்ன இருக்க முடியும் என்று காலையிலிருந்து யோசித்தேன். இஸ்திரிப் பெட்டி என்றால் ஆயிரம். தையல் மோட்டார் என்றால் நூறு. அப்புறம் முகாம் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனேன். அந்த அறைக்குப் போன வருஷம் நான்தான் வயர் போட்டேன். மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கும். சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கினவர்களுக்கு அதிலிருந்து மூக்குக்குக் குழாய் போகும். பின்னால் தகட்டைக் குனிந்து பார்த்தேன். 350 வாட்.

உன் கடிதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அறைக்குள் அமில வாடை ஆகாது. இன்வெர்ட்டர் அவர் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். அவசரமில்லை, ஆனாலும் சீக்கிரம் எழுது. எல்லாம் எழுதித்தான் இருந்தாய். நான்தான் டி.வி. பார்க்கிறாரா என்று கேட்டவன். வெட்கமாக இருக்கிறது. உன் மேலும் கோபமாக இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

இப்போது வேலையைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். ஐம்பத்தெட்டு ஆம்பியர் போகிற வழி இது. பதினாறு பத்தாது, முப்பத்தைந்து ஸ்கொயர் வேண்டும். பேட்டரியில் சக்தி இருக்கும்போதே வயர் அதை வழியில் தின்றுவிடுகிறது, இன்வெர்ட்டர் பேட்டரி காலி என்று நினைத்துப் படுத்துவிடுகிறது. முப்பத்தைந்து வருகிறவரைக்கும், கரண்ட் போன நொடியில் ஃபேனை நிறுத்து, விளக்கை நிறுத்து. விசிறியால் வீசு. அவர் மூச்சு மட்டும் ஓடட்டும். ஒரு மணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும். தைக்கக் கொடுக்கிறவர்களை வீட்டுக்கே வந்து அளவு கொடுக்கச் சொல், நீ வெளியே போகாதே.

உள்ளே இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். அது அப்பாவுக்கு. கொடு.

தம்பி

*

ஜூன் 8

அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் விசாரித்து எழுதுகிறேன். வழக்கத்துக்காக விசாரிக்கவில்லை, தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

அக்கா எதுவும் எழுதவில்லை. எண் ஒன்று கேட்டேன், அதைக் கொடுத்தாள். மீதியை வயர் சொன்னது. அவளைத் திட்டினால் நான் பொறுக்க மாட்டேன்.

பரிதாபப்பட்டு எழுதவில்லை. எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பரிதாபத்துக்கு இடமே இல்லை. ஆறு வருஷமாக ஒவ்வொரு வேலையிலும் ஒரு அளவு தடிப்பாகவே வயர் போடுகிறேன். மேஸ்திரி கேட்கிறார், "ஏன்டா இவ்வளவு தடிப்பு? உன் கணக்குக்கு இது அதிகமாச்சே." ஜனங்கள் லிஸ்ட்டில் எல்லாவற்றையும் எழுத மாட்டார்கள் சார் என்கிறேன்.

உங்கள் அறைக்கு நானே வயர் போட வருகிறேன். ஜூலை கடைசியில் லீவு கிடைக்கும். ஆனால் லிஸ்ட் இல்லாமல் நான் ஒரு அடி வயர்கூட வெட்டுவதில்லை. அக்கா எழுதின லிஸ்ட் வேண்டாம். உங்கள் கையால் எழுதுங்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும்.

மகன்

*

ஜூலை 6

அன்புத் தம்பிக்கு, நான் சுகம். அப்பா எப்படி என்று இனி நீ கேட்டால் உள்ளதை எழுதுவேன்.

உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். படித்தார். மூன்று தடவை. பிறகு மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அசையவில்லை. எனக்கும் பிடிவாதம் உண்டு, அவர் பெற்றதுதானே நானும். "மாட்டுங்கப்பா, நான் ஒரு எழுத்துகூட எழுதல. எண்ணுதான் எழுதினேன்" என்றேன். என்னை வெறித்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சில்லை. இருமி இருமி, குழாயைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பேனா கேட்டார்.

எழுதினது ஒரு நாளில் இல்லை. ஒரு வரி எழுதுவார், கிழிப்பார். அளவுச் சீட்டு பாதிக் கட்டு தீர்ந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து இன்றைக்குக் காலையில் மடித்து என் கையில் கொடுத்து, "நீ படிக்காத" என்றார். நான் படிக்கவில்லை.

முப்பத்தைந்து இங்கே கடையில் கிடைக்கவில்லை, ஃபேனை நிறுத்துகிறோம். இரண்டு மணி நேரம் ஓடுகிறது. வா.

அக்கா

*

(அளவுச் சீட்டின் பின்பக்கத்தில்)

மகனுக்கு,

நீ கேட்ட லிஸ்ட்.

மூச்சு மிஷின் 1. முந்நூற்றைம்பது வாட். இரவும் பகலும்.

ஃபேன் 2. எனக்கு ஒன்று போதும். உன் அக்கா தைக்கிற இடத்துக்கு ஒன்று வேண்டும், அவள் கேட்க மாட்டாள்.

விளக்கு 3.

போன் சார்ஜ் பண்ணுவது 1. அவள் இதை எழுத மறந்திருப்பாள்.

வயரை வருகிற வழியில் நீயே பார்த்து வாங்கி வா. இவளை அனுப்பினால் இடுப்பளவு எடுப்பாள்.

நீ எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது இந்த வீட்டு லோடு இல்லை, கடையில் ஓடியது. பள்ளிக்கூடச் சீருடை முடிக்க வேண்டிய வாரம் அது. மேசைக்கு அடியில் மாட்டினேன். உன் வயர் நல்ல வயர்.

இஸ்திரிப் பெட்டி 2.

அப்பா